டிஸ்க் இல்லாத இடத்தில் ஓடிய பேக்கப்

குமரி மாவட்டத்தில் சிறிய அலுவலகங்களின் லினக்ஸ் சர்வர்களைப் பராமரிக்கும் எங்களுக்கு ஐப்பசியும் கார்த்திகையும் கவலைக்குரிய மாதங்கள். பிற்பகலில் மலைப் பக்கம் இருட்டி, மாலையில் இடியோடு மழை இறங்கும்போது மின்சாரம் சில நிமிடங்களுக்குள் மூன்று நான்கு முறை போய் வருகிறது. மறுநாள் காலையில் சர்வர் எழுந்துவிட்டதைக் கண்டதும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடாமல், அன்றிரவு எடுக்கும் பேக்கப் (தரவுகளின் பாதுகாப்பு நகல்) எங்கே போய்ச் சேர்கிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்று வலியுறுத்தவே இதை எழுதுகிறேன்.

குலசேகரம் பக்கத்தில் ரப்பர் ஷீட் வாங்கி விற்கும் ஓர் அலுவலகத்தின் கணக்குகள் டெபியன் என்ற லினக்ஸ் வகையில் இயங்கும் சர்வர் ஒன்றில் உள்ளன. ஒரு நாள் காலை அங்குள்ள கணக்காளர் அழைத்து, "அண்ணே, பில் சேவ் ஆக மாட்டேங்குது" என்றார். நேரில் போய், டிஸ்க்குகளில் எவ்வளவு இடம் மீதி என்று பட்டியலிடும் 'டிஎஃப்' கட்டளையைக் கொடுத்துப் பார்த்தபோது, முதன்மை டிஸ்க் நூறு சதவீதம் நிறைந்திருந்தது. பேக்கப்புக்காக வைத்திருந்த யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க் பட்டியலிலேயே இல்லை. "பேக்கப் தினமும் ஓடுதே அண்ணே, லாக்கைப் பாருங்க" என்றார் அவர். லாக்கிலும், அதாவது நடந்த வேலைகளின் பதிவுக் கோப்பிலும், ஒவ்வோர் இரவும் பிழையின்றி முடிந்ததாகவே பதிவாகியிருந்தது.

விசாரித்தபோது காரணம் தெரிந்தது. பலத்த இடி இடித்த ஒரு மாலையில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் போனவர்கள், மறுநாள் காலை சர்வரை மட்டும் போட்டிருக்கிறார்கள். சுவரில் தனிப் பிளக்கில் இருந்த ஹார்ட் டிஸ்க்கின் அடாப்டர் அணைந்தபடியே கிடந்திருக்கிறது. சர்வர் எழும்போது எந்தெந்த டிஸ்க்குகளை இணைக்க வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில், இந்த டிஸ்க் இல்லாவிட்டாலும் நிற்க வேண்டாம் என்று பொருள்படும் 'நோஃபெயில்' என்பதை நான் எழுதியிருந்ததால், டிஸ்க் இல்லாமலேயே சர்வர் எழுந்துவிட்டது. டிஸ்க்கை மவுண்ட் செய்ய வேண்டிய, அதாவது இணைக்க வேண்டிய, ஃபோல்டர் காலியாக இருந்தாலும், அது முதன்மை டிஸ்க்கில் உள்ள, எழுதத் தடையில்லாத ஒரு ஃபோல்டர்தான். குறித்த நேரத்தில் வேலைகளைத் தொடங்கும் கிரான் இரவு ஒரு மணிக்குத் தொடங்கிய, கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் அதிலேயே எழுதியது. மூலமும் நகலும் ஒரே டிஸ்க்கில் சேர்ந்தன. லாக்கைப் பின்னோக்கிப் புரட்டியபோது அது தொடங்கிய நாளும் தெரிந்தது: வழக்கமாக ஐந்து நிமிடத்தில் முடியும் வேலை அந்த ஓர் இரவில் மட்டும் ஒன்றரை மணி நேரம் ஓடியிருந்தது, ஏனெனில் காலி ஃபோல்டரில் அனைத்தையும் முதலிலிருந்து நகலெடுக்க வேண்டியிருந்தது. அதன் பின் 19 இரவுகள் கடந்திருந்தன. அந்த நாட்களுக்குள் முதன்மை டிஸ்க் பழுதாகியிருந்தால், ரப்பர் பால் வெட்டுவோர் அந்த நாட்களில் கொண்டுவந்து கொடுத்த ஷீட்டுகளின் எடைக் கணக்கு முழுவதும் போயிருக்கும்.

இப்போது என் பேக்கப் ஸ்கிரிப்டுகள் (கட்டளைத் தொகுப்புகள்) அனைத்தும், ஃபோல்டரில் டிஸ்க் இணைந்திருக்கிறதா என்று பார்க்கும் 'மவுண்ட்பாயிண்ட்' கட்டளையோடுதான் தொடங்குகின்றன. டிஸ்க் மவுண்ட் ஆகவில்லையெனில் ஸ்கிரிப்ட் அங்கேயே நின்று எனக்குச் செய்தி அனுப்புகிறது. கூடவே, டிஸ்க்கைக் கழற்றிய நிலையில் அந்தக் காலி ஃபோல்டருக்கு 'சிஎச்ஆட்டர்' கட்டளையால் மாறாத்தன்மை கொடுத்துவிடுகிறேன். அதன் பிறகு எல்லா அதிகாரமும் கொண்ட ரூட் பயனராலும் அதற்குள் கோப்பு உருவாக்க முடியாது, ஆனால் டிஸ்க்கை வழக்கம்போல அதன்மேல் மவுண்ட் செய்யலாம்.

தோல்வி நேர்ந்தால் மின்னஞ்சல் வரும் என்று நம்பியிருப்பதும் போதாது. 2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் உருவாக்குவோருக்கான இணையத் தளத்தை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் முதன்மைத் தரவுத்தளத்தின் கோப்புகள் தவறுதலாக அழிக்கப்பட்டபோது, பேக்கப் எடுக்க வேண்டிய கருவி போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் 9.2 பதிப்பாகவும் தரவுத்தளம் 9.6 பதிப்பாகவும் இருந்ததால், பேக்கப் தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்தது தெரியவந்தது. அதைத் தெரிவிக்க வேண்டிய மின்னஞ்சல்களோ பெறும் இடத்தில் நிராகரிக்கப்பட்டிருந்தன. சுமார் ஆறு மணி நேரத்துக்கு முன் வேறொரு தேவைக்காக எடுத்திருந்த நகலே அவர்களுக்குக் கைகொடுத்தது. இதை அந்நிறுவனமே ஒளிவுமறைவின்றி வெளியிட்டதற்கு நம்மைப் போன்றவர்கள் நன்றி சொல்ல வேண்டும். எனவே, வெற்றிச் செய்தி வராத நாளையே எச்சரிக்கையாகக் கொள்ளுங்கள். பேக்கப்பின் அளவும் எடுத்துக்கொண்ட நேரமும் அச்செய்தியில் இருக்கட்டும்.

ஒரே தரவைப் பல டிஸ்க்குகளில் ஒரே நேரத்தில் எழுதும் ரெய்டு வைத்திருப்பதைப் பேக்கப் என்று எண்ண வேண்டாம். தவறுதலாக அழித்த கோப்பு எல்லா டிஸ்க்குகளிலும் அதே நொடியில் அழியும். மூலத்தில் இல்லாத கோப்பை நகலிலும் நீக்கும் 'டிலீட்' விருப்பத்தோடு ஓடும் ஆர்சிங்க்கும் அந்த அழிவை அன்றிரவே நகலுக்குக் கொண்டுபோய்விடும் என்பதால், பழைய நாட்களின் நகல்களைத் தனித்தனியே வைத்திருங்கள். ஒரு நகலாவது வேறு ஊரில் இருக்கட்டும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் நம் மாவட்டத்தைத் தாக்கியபோது, மின்கம்பங்கள் சாய்ந்து பல ஊர்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்ததை இங்கு யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சர்வரும் பேக்கப் டிஸ்க்கும் ஒரே மேசையில் இருந்தால், ஒழுகும் கூரை இரண்டையும் சேர்த்தே நனைக்கும்.

அந்த ரப்பர் அலுவலகத்தில் இப்போது மாதத்தின் முதல் சனிக்கிழமை, பேக்கப்பிலிருந்து தரவுத்தளத்தைப் பழைய கணினி ஒன்றில் மீட்டெடுத்து இயக்குகிறோம். கணக்காளர் பில் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு முந்தைய நாளின் கடைசி மூன்று பில்களின் எடையையும் தொகையையும் வாசிக்க, நான் திரையில் சரிபார்க்கிறேன். மூன்றும் ஒத்துப்போன பிறகே அந்த மாதத்துக்கான கையெழுத்தைப் பதிவேட்டில் இடுகிறேன்.