தபால் பெட்டியின் எழுத்து ஏன் மழுங்கவில்லை?

பிரிட்டனின் தெருக்களில் நிற்கும் விக்டோரியா காலத்துத் தபால் பெட்டிகளில் அரசியின் பெயரெழுத்துகள் இன்றும் இவ்வளவு துல்லியமாகத் தெரிகின்றனவே, உளியால் செதுக்கினார்களா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். உளி படவே இல்லை. அத்தனையும் உருக்கிய இரும்பை அச்சில் ஊற்றி எடுத்த வார்ப்பு.

வரலாறு சுருக்கமானது. தபால் துறையில் பணியாற்றிய நாவலாசிரியர் ஆந்தனி டிரோலப்பின் யோசனைப்படி 1852-இல் ஜெர்சி தீவில் தூண் வடிவிலான முதல் தபால் பெட்டிகள் நின்றன. 1866-இல் ஜான் பென்ஃபோல்டு வடிவமைத்த அறுகோணப் பெட்டிகள் வந்தன. முன்பு பச்சையாக இருந்தவை 1874 முதல் சிவப்புக்கு மாறின.

எனக்குப் பிடித்தது உலைக்களத்தில் நடப்பதுதான். தூய இரும்பு உருக 1538 டிகிரி செல்சியஸ் வேண்டும். நான்கு விழுக்காட்டை ஒட்டிய கரி (கார்பன்) சேர்ந்தால் 1150 டிகிரிக்குச் சற்று மேலேயே அது உருகி, மணல் அச்சுக்குள் நீர்போல ஓடுகிறது. ஆனால் ஓடினால் மட்டும் போதாது. பெரும்பாலான உலோகங்கள் உறையும்போது சுருங்கி, அச்சின் மூலைகளை விட்டு விலகிவிடும். இப்படிக் கரி சேர்ந்த, பெட்டிகளுக்கான சாம்பல் வார்ப்பிரும்பிலோ, உறையும் அதே நேரத்தில் கரி தனியே பிரிந்து கிராபைட் செதில்களாகிறது. கிராபைட்டின் அடர்த்தி இரும்பின் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அதனால் அது அதிக இடம் கேட்கிறது. இரும்பு சுருங்க, கிராபைட் விரிய, உலோகம் அச்சின் சுவரோடு ஒட்டியே நிற்கிறது. எழுத்தின் வளைவும் கிரீடத்தின் முத்தும் அப்படியே பதிகின்றன. உறைந்தபின் ஆறும்போது மட்டும் சுமார் ஒரு விழுக்காடு சுருங்கும். அதற்கென்றே, மணலில் அச்சுப் பதிக்கும் மர மாதிரியைச் செய்யும் தச்சர்கள், அந்த அளவுக்கு நீட்டப்பட்ட தனி அளவுகோலை வைத்திருந்தார்கள். கணக்கும் கைத்திறனும் கைகோக்கும் இந்த இடம் எனக்குப் பெரு வியப்பு.

அதே செதில்கள்தான் பலவீனமும். இழுவிசைக்கு அவை உள்ளே ஒளிந்திருக்கும் வெடிப்புகள். லாரி மோதினால் பெட்டி நெளியாது, உடையும். அழுத்தத்தையோ நன்றாகவே தாங்கும்.

எழுத்தை உண்மையில் மழுங்கடிப்பது மழையைவிடப் பெயிண்டே. பழைய பூச்சை அகற்றாமல் மேலே மேலே பூசினால் நுணுக்கங்கள் புதைந்துபோகும். புதுப் பூச்சுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கைப் பழையதைப் பக்குவமாக உரித்தெடுக்கவும் ஒதுக்க வேண்டும் என்பேன். அப்படி உரித்த பெட்டியில் 150 ஆண்டுக்கு முந்தைய மணல் அச்சின் சொரசொரப்புகூட விரலுக்குத் தட்டுப்படும்.