பாரிட்டி என்றால் எத்தனை பிள்ளை என்பதல்ல, எத்தனை பேறு

மேமோகிராம், அதாவது மார்பக எக்ஸ்ரே, எடுக்கப் போனால் "எத்தனை குழந்தைங்கம்மா?" என்று கேட்டு எழுதிக்கொள்கிறார்கள், நாமும் "ரெண்டு" என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம், ஆனால் மருத்துவருக்குத் தெரிய வேண்டியது அது இல்லை, பாரிட்டி. கர்ப்பிணிகளின் சீட்டில் ஜி2 பி1 என்று எழுதியிருப்பார்களே, அந்த 'பி'தான் இது. 'ஜி' எத்தனை முறை சூல் உண்டானது என்பதைச் சொல்கிறது, 'பி' எத்தனை முறை பிரசவம் ஆனது என்பதை.

இரட்டைப் பிள்ளை பெற்றவருக்குக் குழந்தை இரண்டு, பாரிட்டி 1. மாதம் நிறைந்து இறந்தே பிறந்திருந்தாலும் அது கணக்கில் சேரும். ஆரம்ப வாரங்களில் கலைந்தது சேராது. அதனால் 'குழந்தைகள் எண்ணிக்கை' என்று மொழிபெயர்ப்பது தவறு.

வேர் லத்தீன். 'பரேரே' என்றால் பிள்ளை பெறுதல், பெற்றோரைக் குறிக்கும் 'பேரன்ட்' என்ற ஆங்கிலச் சொல்லும் அதிலிருந்து வந்ததுதான். சமநிலை என்ற பொருளில் வரும் இன்னொரு பாரிட்டிக்கும் இதற்கும் உறவில்லை, அது 'பார்' என்ற வேறு வேர்.

தமிழில் இதற்குச் சொல் தேடி அலையவே வேண்டாம். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்துவிட்டு அடுத்ததாக "எத்தனாவது ஈத்து?" என்று கேட்பார்கள், அப்படியே பாரிட்டிதான் அது, ஈன் என்பதிலிருந்து ஈற்று, பேச்சில் ஈத்து. மனுஷிக்கு அதைச் சொல்ல முடியாது, சரி, பேறு இருக்கிறதே! கெடு கேடானது போல, சுடு சூடானது போல, பெறு பேறானது. மகப்பேறு மருத்துவமனை என்று தினமும் சொல்கிறோம். ஆகவே பேற்றெண் என்பது என் தேர்வு. முதல் பேறு தலைப்பேறு, தலைப்பிரசவம் என்று ஊரில் எல்லாரும் சொல்வதுதான்.

இந்தப் பேற்றெண்ணுக்கும் மேமோகிராமில் பார்க்கும் மார்பக அடர்த்திக்கும் தொடர்பு உண்டு. அடர்த்தி என்றதும் பலர் கையால் தொட்டால் தெரியும் கெட்டித்தன்மை என்று நினைத்து, கெட்டியைக் கட்டியாக்கிப் பயந்துவிடுகிறார்கள். அப்படி இல்லை. படத்தில் கொழுப்பு கறுப்பாகவும் பால் சுரப்பித் திசுவும் நார்த் திசுவும் வெள்ளையாகவும் தெரியும், அந்த வெள்ளை எவ்வளவு என்பதே அடர்த்தி. புற்றுக்கட்டியும் வெள்ளையாகவே தெரிவதால் அடர்ந்த மார்பகத்தில் அது மறைந்துகொள்ளும். அதோடு அடர்த்தி அதிகமாக இருப்பதே புற்று அபாயத்தைக் கொஞ்சம் கூட்டுகிறது. பேற்றெண் கூடக் கூட, தலைப்பேறு இளவயதில் நடந்திருந்தால் இன்னும், அடர்த்தி சராசரியில் குறைவாக இருக்கிறது. சூல் கொண்டபோதும் பாலூட்டும்போதும் சுரப்பிகள் பெருகி அடர்த்தி ஏறும், பால் மறக்கடித்த பிறகு அவை சுருங்கி அந்த இடத்தில் கொழுப்பு வந்துவிடும், காரணம் பெரும்பாலும் அதுதான். இது சராசரிக் கணக்கு மட்டுமே, மூன்று பேறு கண்டவருக்கும் அடர்ந்த மார்பகம் இருக்கலாம். பிரசவமானதும் ஆபத்து விலகிவிடுவதும் இல்லை, அதன் பிறகான சில ஆண்டுகளுக்குப் புற்று அபாயம் சற்று ஏறி, வெகுகாலம் கழித்துத்தான் இறங்குகிறது.

அப்புறம் நல்லிபாரா என்ற மருத்துவச் சொல். பேற்றெண் 0 என்று மட்டும் பொருள், இதை அகராதி பார்த்து 'மலடி' என்று எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலிய மருத்துவர் ரமாட்சினி கன்னியாஸ்திரிகளிடையே மார்பகப் புற்று அதிகம் என்று எழுதினார், அவர்கள் மலடிகளா என்ன? பிள்ளை பெறவில்லை, அவ்வளவுதான். பேறு காணாதவர் என்று எழுதுங்கள்.