கேமரா: அறையிலிருந்து கருவிக்கு

'வழக்கு இன்-கேமரா முறையில் விசாரிக்கப்படும்' என்று செய்தித்தாளில் படித்ததும், நீதிமன்றத்தில் நடப்பதை எல்லாம் படம் பிடிக்கப் போகிறார்கள் என்று நினைப்பவர்கள் உண்டு. கல்லூரி நாள்களில் நானும் அப்படித்தான் நினைத்தேன். நடப்பது நேர்மாறு. படம் பிடிப்பது இருக்கட்டும், வழக்கோடு தொடர்பில்லாத ஒருவர் உள்ளே போய் உட்காரக்கூட முடியாது. கதவை மூடிக்கொண்டு நடத்தும் விசாரணை அது. ஏனென்றால் இந்தச் சொல்லின் பழைய பொருள் 'அறை'.

கிரேக்கத்தில் கமாரா என்றால் வளைவான கூரை போட்ட இடம். லத்தீனுக்குப் போனபோது கூரையைக் குறித்தது, பிறகு கூரைக்குக் கீழே உள்ள அறைக்கே பெயராகிவிட்டது. இத்தாலிக்காரர்களுக்கு இன்றும் கேமரா என்றால் அறைதான். படுக்கையறையும் கேமரா, நாடாளுமன்றத்தின் கீழவையும் கேமரா. படம் எடுக்கும் பொருளுக்கு அவர்கள் 'மாக்கினா ஃபோட்டோகிராஃபிகா' என்று வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். பிரெஞ்சில் அறை 'ஷாம்ப்ர்' ஆகத் தேய்ந்துவிட்டது. 'கமெரா' என்பது வீடியோ, சினிமா எடுப்பதற்கு மட்டும். ரஷ்ய மொழியில் இதே சொல் சிறைக் கொட்டடியையும் குறிக்கும், ரயில் நிலையத்தில் பெட்டிகளை ஒப்படைத்துவிட்டுப் போகும் அறையையும் குறிக்கும். சைக்கிள் டயருக்குள் இருக்கும் ட்யூபும் அங்கே கேமராதான்! காற்றை அடைத்து வைக்கும் அறை என்று எடுத்துக்கொண்டால் சரியாக வரும்.

காம்ரேட் என்ற சொல்லும் இந்தக் குடும்பம்தான். ஸ்பானிய மொழியில் 'கமராதா' என்றால் ஒரே அறையில் தங்கும் படைவீரன், அறைத்தோழன். தமிழில் தோழர் என்றபோது அறை போய்விட்டது, தோழமை மட்டும் நின்றது.

ஆசியாவுக்கு இந்தச் சொல் கப்பலில் வந்தது. போர்த்துக்கீசியரின் 'காமரா' இந்தியில் 'கம்ரா' ஆனது, சிங்களத்தில் 'காமரய' ஆனது. இரண்டுக்கும் பொருள் அறை. வங்காளத்தில் ரயில் பெட்டியையும் 'காம்ரா' என்பார்கள். இந்தோனேசியாவில் 'கமார்' என்றால் அறை. அது டச்சுக்காரர்களின் 'காமர்' வழியாகப் போனது. பிறகு படம் எடுக்கும் கருவி வந்ததும் 'கமெரா' என்று தனியாக இன்னொரு முறை வாங்கிக்கொண்டார்கள்.

நாமும் அப்படித்தான் இரண்டு முறை வாங்கியிருக்கிறோம். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பழைய வீடுகளில் ஓர் அறைக்குக் 'காமிரா உள்' என்று பெயர். அந்தப் பேச்சில் 'உள்' என்றாலே அறை. ஆக, அறை அறை! 'நடு சென்டர்', 'கேட்டுக் கதவு' என்பதற்கெல்லாம் மூத்த அண்ணன்.

சரி, அறை எப்படிக் கருவி ஆனது? இருட்டறையின் சுவரில் சின்னத் துளை போட்டால், வெளியே உள்ள காட்சி எதிர்ச் சுவரில் தலைகீழாக விழும். இதற்குக் 'கேமரா அப்ஸ்கூரா', அதாவது இருட்டறை, என்று பெயர். 1604இல் வெளியான தன் ஒளியியல் நூலில் ஜெர்மன் வானியலாளர் யோகான்னஸ் கெப்லர் இந்தப் பெயரை எழுதினார். முதலில் ஆள் நுழையும் அறை. பிறகு லென்ஸ் வைத்த பெட்டியாகச் சுருங்கி ஓவியர்களின் மேசைக்கு வந்தது. 1820களில் பிரான்சின் நியெப்ஸ் அந்தப் பெட்டிக்குள் விழுந்த காட்சியை உலோகத் தகட்டில் நிலைநிறுத்தினார். அப்ஸ்கூராவை உதறிவிட்டு வெறும் கேமரா என்று கூப்பிடும் பழக்கம் அப்புறம் வந்தது. வேடிக்கை என்னவென்றால், 1806இல் ஆங்கில அறிவியலாளர் வொல்லாஸ்டன் காப்புரிமை பெற்ற, படம் வரைய உதவும் 'கேமரா லூசிடா'வில் அறையும் இல்லை, பெட்டியும் இல்லை. ஒரு முப்பட்டகமும் அதைத் தாங்கும் கம்பியும்தான். பெயர் மட்டும் 'ஒளியறை'.

இதற்குத் தமிழில் என்ன சொல்வது? புகைப்படக் கருவி என்பது பரவிவிட்டது, ஆனால் அந்தக் கருவிக்குள் எந்தப் புகையும் இல்லை. ஃபோட்டோகிராஃபி என்ற சொல்லே ஒளியால் எழுதுவது என்ற பொருளில் கிரேக்க வேர்களைக் கொண்டு அமைந்தது. அதனால் ஒளிப்படம், ஒளிப்படக் கருவி என்பவைதான் எனக்குப் பொருத்தமாகப் படுகின்றன. சினிமாவில் ஒளிப்பதிவாளர் என்ற சொல் எந்தத் தடையும் இல்லாமல் நிலைத்துவிட்டது. ஆனால் அவர் கையில் இருப்பது இன்னும் கேமராதான். பேச்சில் அது அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும், யாருக்கும் புரியாமல் இல்லை.

நீதிமன்றச் செய்தியில் மட்டும் அப்படி விட முடியாது. அங்கே 'கேமரா விசாரணை' என்று எழுதுவது தவறான பொருளைத் தருகிறது. 'மூடிய அறை விசாரணை' என்று எழுதினால் போதும். லத்தீன்காரர் சொன்ன அறையும் அதில் இருக்கிறது.