கட்டணமும் கிடையாது, கட்டற்றதும் கிடையாது

"அண்ணே, இந்தக் கட்டண நிலைபொருளுக்கு எவ்வளவு ஆகும்? ஜிபேல அனுப்பிடலாமா?"

மதுரை டவுன்ஹால் ரோட்டுப் பக்கம், அலுவலகங்கள் கழித்துக்கட்டிய மடிக்கணினிகளை வாங்கித் துடைத்து, லினக்ஸ் போட்டு விற்கிற ஒரு சின்னக் கடை. அங்கே வேலை பார்க்கும் தம்பி கேட்ட கேள்வி இது. பழைய பெட்டியை, லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனின் 12-ஆம் பதிப்புக்கு ஏற்றுவது எப்படி என்று யாரோ தமிழாக்கிய இரண்டு பக்கக் குறிப்பைக் கையில் வைத்திருந்தான். அதில், 'செயலிக் குறைபாட்டுக்கான பாதுகாப்புத் திருத்தங்களைப் பெற, கட்டண நிலைபொருள் பிரிவைச் சேர்க்கவும்' என்று ஒரு வரி. மூலத்தில் இருப்பது 'நான்-ஃப்ரீ ஃபர்ம்வேர்'. ஃபர்ம்வேர், அதாவது நிலைபொருள், சிப்பு போன்ற வன்பொருளுக்குள்ளேயே ஓடுகிற நிரல். அந்தப் பிரிவில் இருக்கிற எதற்கும் டெபியன் ஒரு பைசா வாங்குவதில்லை. தம்பி பாவம், காசு கேட்கிறார்கள் என்று நினைத்து, அந்த வரியை விட்டுவிட்டே பத்துப் பெட்டிகளை விற்றிருக்கிறான்.

முதல் கோணல் முற்றும் கோணல். 'ஃப்ரீ சாஃப்ட்வேர்' என்பதை 'இலவச மென்பொருள்' என்று எழுதிப் பழகிய கை, 'நான்-ஃப்ரீ' வந்ததும் கணக்குப் பிசகாமல் 'கட்டணம்' என்று எழுதிவிட்டது.

சொல்லின் பிறப்பைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் ஃப்ரீயும் ஃப்ரெண்டும் ஒரே வேர்; அன்பு என்று பொருள். வடமொழி 'ப்ரிய'வும் அந்தக் குடும்பம்தான், ஆகவே நம்மூர்ப் பிரியம் அதற்குத் தூரத்துச் சொந்தம். வீட்டுக்குப் பிரியமானவன், அடிமை அல்லாதவன், தன் விருப்பப்படி நடப்பவன் என்று பொருள் வளர்ந்தது. காசில்லாமல் என்ற பொருள் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது. அமெரிக்க நிரலாளர் ரிச்சர்டு ஸ்டால்மன், யாரும் மாற்றிப் பகிரக்கூடிய இயங்குதளம் ஒன்றை உருவாக்க 1983-இல் க்னூ திட்டத்தை அறிவித்தார். அந்த இயக்கம் கேட்டது நான்கு உரிமைகளை: நிரலை எதற்கும் ஓட்டலாம், பிரித்துப் படித்து மாற்றலாம், பகிரலாம், மாற்றியதையும் பகிரலாம். விலையைப் பற்றி அதில் பேச்சே இல்லை. காசுக்கு விற்கவும் செய்யலாம். ஆங்கிலத்தில் ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பதால் அவர் நாற்பது ஆண்டுகளாக ஊர் ஊராகப் போய், நான் விலையைச் சொல்லவில்லை என்று விளக்க வேண்டியிருந்தது. தமிழில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இருக்கிறது. இல்லாத குழப்பத்தை நாம் இறக்குமதி செய்திருக்கிறோம்.

'கட்டற்ற' என்பதுதான் சரியான சொல். தமிழ் விக்கிப்பீடியா தன்னைக் 'கட்டற்ற கலைக்களஞ்சியம்' என்றுதான் சொல்லிக்கொள்கிறது. ஆனாலும் இதை எதிர்ப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு நண்பர், "கட்டற்ற என்றால் அடங்காத என்று தொனிக்கிறது, அவிழ்த்துவிட்ட மாடு மாதிரி" என்றார். மதுரைக்காரர் இப்படிச் சொல்லலாமா? அலங்காநல்லூர் வாடிவாசலில் மூக்கணாங்கயிற்றை எடுத்துவிட்டுத்தான் காளையை விடுகிறார்கள். அதனால் அது ஊர் பேர் தெரியாத மாடாகிவிடுமா? அதற்கு உரிமையாளர் உண்டு, பெயர் உண்டு, களத்துக்கு விதியும் உண்டு. கட்டற்ற மென்பொருளுக்கும் உரிமம் உண்டு. இல்லாதது பயன்படுத்துகிறவன் கழுத்தில் கயிறு.

இன்னொரு எதிர்ப்பு சுவையானது. ஒரு கல்லூரி மாணவர் சொன்னது: "சார், கட்டு என்றால் பணம் கட்டு. ஆகவே கட்டற்ற என்பது கட்டணமற்ற என்பதன் சுருக்கம்." கட்டணமும் கட்டு என்ற வினையிலிருந்து வந்ததுதான், அதை மறுக்கவில்லை. கட்டு பெரிய குடும்பம். வீடு கட்டுவோம், சேலை கட்டுவோம், பூக் கட்டுவோம், பெண்ணைக் கட்டிக்கொடுப்போம். கீரையும் கட்டு, வீட்டுக்குள்ளே இரண்டாங்கட்டு. ஆனால் 'அற்ற' வந்து சேர்ந்ததும் காசுப் பொருள் உதிர்ந்துவிடும். மாட்டுத்தாவணிக்குப் போகிற டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் 'கட்டணமில்லாப் பயணம்'. அதைக் 'கட்டற்ற பயணம்' என்று ஒரு நடத்துநராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

'விலையில்லா' என்று ஒரு சொல்லும் உண்டு. 2011-இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் மாணவர்களுக்குக் கொடுத்தவை விலையில்லா மடிக்கணினிகள். அவற்றில் விண்டோஸும் இருந்தது, இந்திய அரசு நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. இரண்டும் மாணவருக்கு விலையில்லாமல்தான் வந்தன. விண்டோஸைப் பிரித்துப் பார்க்க முடியாது, லினக்ஸைப் பார்க்கலாம். இந்த வேறுபாட்டைச் சொல்லத் தெரியாத சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வது? 'சுதந்திர மென்பொருள்' பொருளில் தப்பில்லை, எனக்கு அதில் மேடை வாசம் அடிக்கிறது. 'தளையறு' அழகுதான். ஆனால் யாப்பு படித்தவன் எந்தத் தளை என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவான்.

சரி, தம்பி விட்டுவிட்ட அந்த வரிக்கு வருவோம். அதில் இருந்து வருவது மைக்ரோகோடு. நுண்நிரல் என்கிறார்கள், சொல்லலாம். சிப்புக்குள்ளே கட்டளைகளை நிறைவேற்றுகிற அடிமட்ட நிரல் அது. 2018 ஜனவரியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்று சிப்புகளில் இருந்த பாதுகாப்பு ஓட்டைகள் வெளியே தெரிந்தன. மெல்ட்டவுனை லினக்ஸின் கருவிலேயே, அதாவது கெர்னல் என்கிற மைய நிரலிலேயே, அடைக்க முடிந்தது, அந்தத் திருத்தத்தை யாரும் படிக்கலாம். ஸ்பெக்டரின் சில வகைகளுக்கும் அப்புறம் வந்த பல ஓட்டைகளுக்கும் அது போதவில்லை, சிப் தயாரித்தவரே மைக்ரோகோடு தர வேண்டியிருந்தது. அது பூட்டிய பொட்டலம்: இன்டெல்லுடையது மறைகுறியாக்கம் செய்து, கையொப்பம் இட்டு வரும். ஒவ்வொரு முறை பெட்டியை இயக்கும்போதும் திரும்ப ஏற்ற வேண்டும். உள்ளே என்ன மாற்றினார்கள் என்று பார்க்க நமக்கு வழியில்லை. சந்தையில் கத்தரிக்காய்க்குக் கொசுறாகக் கறிவேப்பிலை போடுவது போல, சிப்புக்குக் கொசுறு. காசில்லை, உரிமையும் இல்லை.

காசில்லாததும் கட்டுப் போடும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. 2018 ஆகஸ்டில் இன்டெல் வெளியிட்ட மைக்ரோகோட்டு உரிமத்தில், அதை வைத்துச் செய்த வேக ஒப்பீட்டு முடிவுகளை வெளியிடக் கூடாது என்று ஒரு வரி இருந்தது. திருத்தம் போட்டால் வேகம் குறையும், எவ்வளவு குறைந்தது என்று சொல்ல வாயைத் திறக்கக் கூடாது! டெபியன் அந்தப் பொதியை நிறுத்திவைத்தது. கூச்சல் எழுந்ததும் சில நாள்களிலேயே இன்டெல் உரிமத்தை மாற்றியது. 'இலவச மென்பொருள்' என்ற சொல்லால் இந்தச் சண்டையைத் தமிழில் எழுதிப் பாருங்கள், யார் எதற்குக் கோபப்பட்டார் என்றே புரியாது.

இதைப் போடலாமா வேண்டாமா என்பதில் கட்டற்ற மென்பொருள்காரர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி. மூடியதையெல்லாம் நீக்கிய லினக்ஸ் கருவான லினக்ஸ்-லிப்ரே போன்றவை மூடிய கோப்பு எதையும் சேர்ப்பதில்லை. டெபியன் 2022-இல் வாக்கெடுத்து, 2023-இல் வந்த 12-ஆம் பதிப்பில் இப்படிப்பட்டவற்றுக்குத் தனிப் பிரிவு வைத்து, நிறுவுகிற நிரலிலும் (இன்ஸ்டாலர்) சேர்த்தது. நான் போடு கட்சி. தொழிற்சாலையிலேயே சிப்புக்குள் ஒரு பழைய மைக்ரோகோடு இருக்கிறது, அதுவும் மூடியதுதான். புதியதை மறுத்தால் விடுதலை கூடாது, ஓட்டைதான் மிஞ்சும். ஆனால் பெட்டிக்குள் என்ன நுழைகிறது என்று தெரிந்து போட வேண்டும். அதற்குத்தான் டெபியன் அந்தப் பிரிவுக்குத் தனிப்பெயர் வைத்தது. அந்தப் பெயரைத்தான் நம் மொழிபெயர்ப்பாளர் காசுக் கணக்காக்கிவிட்டார்.

அந்த வரியில் 'செயலி' வேறு. சிப்பும் செயலி, கைப்பேசியில் இறக்குகிற ஆப்பும் செயலி. "எந்தச் செயலில அண்ணே குறை? அழிச்சிடட்டுமா?" என்று தம்பி அதையும் கேட்டான். நான் சிப்பை 'மையச் செயலகம்' என்று எழுதுகிறேன், பாதிப் பேர் கோட்டை நினைவு வருகிறது என்கிறார்கள். பொருள் புரியாமல் சொல்லுக்குச் சொல் வைத்துவிட்டு, திருப்பி ஒரு தடவை வாய்விட்டுப் படிக்காமல் அனுப்பிவிடுகிற வேகம்தான் என்னைக் கடுப்பேற்றுகிறது.

நான்-ஃப்ரீக்கு நான் வைத்த சொல் 'கட்டுண்ட'. கட்டுண்ட நிலைபொருள். கொஞ்சம் கவிதை வாடைதான், இருக்கட்டும். தாளில் 'கட்டண' என்பதை அடித்து மேலே எழுதிக் கொடுத்தேன்.

"கட்டுண்டன்னா, கட்டிப்போட்டதாண்ணே?"

"ஆமா."

"அப்ப பணம் கட்ட வேண்டாம்?"

"வேண்டாம்."

கடையில் விற்காமல் இருந்த ஒரு பெட்டியை எடுத்தான். கருவின் ஓட்டைப் பட்டியலைத் திறந்தோம். ஒரு வரி 'மைக்ரோகோடு இல்லை' என்ற பொருளில் முடிந்தது. பிரிவைச் சேர்த்து, பொதியை நிறுவி, அணைத்துப் போட்டான். அந்தச் சொற்கள் போயிருந்தன. தம்பி ஃபோனை எடுத்து, ஏற்கெனவே வாங்கிப் போனவர்களில் முதல் ஆளைக் கூப்பிட்டான்.