மனைவிக்குத் துப்பாக்கி வாங்கும் கணவர்களுக்கு

போன வாரமும் அதே கதை. டாலஸ் பக்கம் வீடு வாங்கியிருக்கும் நம் ஊர்த் தம்பதி. கணவர் கையில் புத்தம்புதுப் பெட்டி. உள்ளே உள்ளங்கையில் அடங்கிவிடும் 9 எம்எம் பிஸ்டல், அதன் மேல் ஒரு ரெட் டாட் (சின்னக் கண்ணாடியில் சிவப்புப் புள்ளி காட்டும் குறிபார்க்கும் கருவி), கூடவே கடைக்காரர் தலையில் கட்டிய, அழுத்தம் கூடிய பிளஸ் பி தோட்டா இரண்டு டப்பா. "இவங்களுக்குத்தான் அண்ணா. சின்னக் கை, அதனால சின்னதாப் பார்த்து வாங்கினேன்" என்றார். வாங்கும்போது அந்த அம்மா கடையிலேயே இல்லை. முதல் தோட்டா வெடித்ததும் துப்பாக்கியை மேஜையில் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டார். கட்டைவிரல் அடியில் ஸ்லைடு, அதாவது சுடும்போது பின்னால் பாயும் மேல்பகுதி, கிழித்த கோடு, அதில் ரத்தம். கணவரோ இலக்குத் தாளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறார். "டாட் போட்டும் படலியே?"

டெக்சாஸில் ரேஞ்சில், அதாவது துப்பாக்கி சுடும் களத்தில், பயிற்சி கொடுப்பது என் தொழில். வீட்டில் துப்பாக்கி வைத்துக்கொள்வது நல்லதா கெட்டதா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. வாங்குவது என்று முடிவு செய்துவிட்டவர்களுக்கு மட்டும் சொல்கிறேன்: நீங்கள் வரிசையைத் தலைகீழாகப் பிடிக்கிறீர்கள். முதலில் டாட், அப்புறம் தோட்டா பற்றி யூடியூப் ஆராய்ச்சி, கடைசியில்தான் அதைப் பிடிக்கப்போகும் கை.

முதலில் அந்தச் "சின்னக் கைக்குச் சின்னத் துப்பாக்கி" விஷயத்தை முடித்துவிடுகிறேன். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது.

ஒரே 9 எம்எம் தோட்டாவைப் பெரிய துப்பாக்கியில் போட்டாலும் சின்னதில் போட்டாலும் பின்னால் வரும் உந்தம் ஏறக்குறைய அதேதான். அதை முதலில் வாங்கிக்கொள்வது துப்பாக்கியின் எடை. மிச்சம் உங்கள் மணிக்கட்டுக்கு. பரிசலிலிருந்து கரைக்குத் தாவினால் பரிசல் பின்னால் ஓடிவிடும், பெரிய படகிலிருந்து தாவினால் படகு அசையாது. தாவுகிறவர் ஒருவர்தான். நடுத்தர அளவு 9 எம்எம் பிஸ்டலான கிளாக் 19 காலியாக 600 கிராம் அளவில் இருக்கும். பாக்கெட்டில் போடும் .380 (9 எம்எம்மைவிடச் சின்னத் தோட்டா) பிஸ்டல்களில் சில 300 கிராம்கூட வராது. அதில் பாதி எடை என்றால் உதையும் பாதி என்றுதான் எல்லோருடைய மனக்கணக்கும் ஓடுகிறது. நடப்பது அப்படியல்ல. ஒரே தோட்டா என்றால் எடை குறையக் குறைய உதை ஏறும்.

உதை மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. சின்னத் துப்பாக்கியில் பிடி குட்டையாக இருப்பதால் சுண்டுவிரல் காற்றில் தொங்கும். பிடிக்க இடமில்லாமல் கை மேலே ஏறினால் ஸ்லைடு கிழிக்கும். அந்த அம்மாவுக்கு நடந்தது அதுதான். ஸ்லைடு லேசாக இருப்பதால் அதைக் கட்டுப்படுத்தக் கடினமான ஸ்பிரிங் போட்டிருப்பார்கள். ஆக, "இழுக்க வலு இல்லை" என்று யாருக்காக வாங்கினீர்களோ, அவருக்கு இழுக்கவே முடியாத ஒன்று கையில் கிடைக்கிறது. முன் குறிக்கும் பின் குறிக்கும் இடைவெளி குறைவு என்பதால் கை துளி நடுங்கினாலும் தாளில் பெரிதாகத் தெரியும். இவையெல்லாம் பழகியவர்கள் இடுப்பில் மறைத்துக்கொண்டு போவதற்காகச் செய்த துப்பாக்கிகள். புதிதாகக் கற்றுக்கொள்கிறவருக்காகச் செய்ததல்ல.

இன்னொரு கூட்டம் உண்டு. "பெண்களுக்கு ரிவால்வர்தான் சரி, சிக்கவே சிக்காது" என்று 400 கிராம் சொச்சம் எடையுள்ள குட்டி .38 ரிவால்வரைக் கையில் கொடுத்துவிடுவார்கள். அதன் விசையை இழுக்க ஐந்து கிலோவுக்கு மேல் அழுத்த வேண்டும். அழுத்தி முடிப்பதற்குள் குழாய் எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கும். அதையே ரோஸ் கலரில் கொடுத்தால் உதை குறையுமா என்று எந்தக் கடைக்காரரும் இதுவரை எனக்கு விளக்கவில்லை.

சரி, எதை வாங்குவது? நடுத்தர அளவு அல்லது முழு அளவு 9 எம்எம். எந்த கம்பெனி என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. கை பொருந்துகிறதா என்று பாருங்கள். துப்பாக்கி காலி என்று மேகசினைக் கழற்றி, தோட்டா உட்காரும் அறையைக் கண்ணாலும் விரலாலும் பார்த்து உறுதி செய்தபின், குழாய் முன்கையோடு நேர்கோட்டில் இருக்கும்படி பிடித்தால் ஆள்காட்டி விரலின் நுனிச்சதை விசையில் படிய வேண்டும். விரலை எட்டவைக்கப் பிடியைத் திருக வேண்டியிருந்தால் அது உங்களுக்கான துப்பாக்கி இல்லை. ஸ்லைடை இழுக்க முடியவில்லை என்று வருகிறவர்களில் பெரும்பாலோருக்குக் குறை வலுவில் இல்லை, முறையில். இரண்டு விரலால் கிள்ளி இழுக்காதீர்கள். முழுக்கையால் ஸ்லைடை மேலிருந்து பற்றி, துப்பாக்கியை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, பிடித்த கையால் முன்னே தள்ளுங்கள். கீல்வாதம், உண்மையிலேயே முடியாது என்றால் ஸ்மித் அண்ட் வெஸனின் ஷீல்டு ஈஸி மாதிரி, இழுக்க எளிதாகவே செய்த வகைகள் இருக்கின்றன. எதுவானாலும் ரேஞ்சில் வாடகைக்கு எடுத்து, சுடப்போகிறவர் கையாலேயே ஒரு டப்பா சுட்டுப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். வாடகை ஒரு நல்ல மதியச் சாப்பாட்டுச் செலவுதான் வரும்.

இனி ரெட் டாட். பிஸ்டலில் டாட் வைப்பது இப்போது சகஜமாகிவிட்டது. நாற்பதைத் தாண்டி, படிக்கக் கண்ணாடி போட ஆரம்பித்தவர்களுக்கு நானே சிபாரிசு செய்வேன். துப்பாக்கியோடு வரும் இரும்புக் குறியில் முன் குறி தெளிவாகத் தெரிந்தால் இலக்கு மங்கும், இலக்கைப் பார்த்தால் குறி மங்கும். டாட்டில் இலக்கை மட்டும் பார்த்தால் போதும். ஆனால் குறி தவறுவது அநேகமாகக் கண்ணால் அல்ல, விசையைப் படக்கென்று பிடுங்கும் விரலால். அதற்கு டாட் ஒன்றும் செய்யாது. புதிதாகப் பிடிக்கிறவர் துப்பாக்கியைத் தூக்கியதும் கண்ணாடிக்குள் புள்ளியைக் காணோமே என்று துழாவுவார். அது பழக வேண்டிய விஷயம், பல நாள் பிடிக்கும்.

"புள்ளி வட்டமா இல்ல, வால் முளைச்ச மாதிரி இருக்கு, டிஃபெக்ட் பீஸ்" என்று திருப்பிக் கொடுக்கப் போகிறவர்கள் ஒரு நிமிடம் நில்லுங்கள். துப்பாக்கியைக் காலி செய்து, கண்ணாடி வழியாகப் புள்ளியை போனில் ஒரு படம் எடுங்கள். படத்தில் வட்டமாக இருந்தால் கோளாறு டாட்டில் இல்லை, உங்கள் கண்ணில். சிதறல் பார்வை (அஸ்டிக்மாடிசம்) உள்ளவர்களுக்குப் புள்ளி அப்படித்தான் சிதறித் தெரியும். வெளிச்சத்தைக் குறைத்துப் பாருங்கள், அப்புறம் கண் டாக்டரைப் பாருங்கள்.

மாட்டும் விதம் அதைவிட முக்கியம். எல்லா டாட்டும் எல்லா ஸ்லைடிலும் உட்காராது. திருகுத் துளைகளின் அமைப்பு ஒத்துப்போக வேண்டும், இல்லையென்றால் இடையில் தகடு வேண்டும். திருகு துளி நீளமாக இருந்தாலும் சில மாடல்களில் உள்ளே போய், காலிக் கூட்டை இழுக்கும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டர் பகுதியை அழுத்தும், காலிக் கூடு வெளியே வராது. இப்படி வரும் துப்பாக்கிகளை "கம்பெனி கோளாறு" என்று திட்டிக்கொண்டே கொண்டுவருவார்கள். கையேட்டில் சொன்ன அளவுக்கு, முறுக்கும் அளவு காட்டும் டார்க் ரெஞ்சில் முறுக்குங்கள், திருகு தளராமல் பிடிக்கும் நீல லாக்டைட் பசை ஒரு சொட்டு, திருகின் தலைக்கும் உடம்புக்கும் குறுக்கே பெயின்டில் ஒரு கோடு. கோடு விலகினால் திருகு தளர்ந்துவிட்டது என்று பார்த்த உடனே தெரியும். மாட்டியபின் ரேஞ்சில் சுட்டுத்தான் குறியைச் சரிசெய்ய வேண்டும். குழாயில் லேசரை நுழைத்துப் பார்த்தது கணக்கில் வராது. வருடத்துக்கு ஒரு முறை, பிறந்தநாளோ பொங்கலோ, பேட்டரியை மாற்றிவிடுங்கள். நாற்பது டாலர் டாட்டைத் தயவுசெய்து வீட்டுக் காவல் துப்பாக்கியில் மாட்டாதீர்கள். அதற்கு இரும்புக் குறியே மேல்.

தோட்டா. பழக எஃப்எம்ஜே (உலோக உறை போட்ட சாதாரண குண்டு), வீட்டுக்கு ஹாலோ பாயின்ட் (நுனியில் பள்ளம் இருக்கும், பட்டதும் விரியும் குண்டு). "9 எம்எம் பத்தாது, .45 (அதைவிடப் பெரிய தோட்டா) வேணும்" என்று இன்னும் சொல்கிறவர்களுக்கு: 1986இல் மயாமியில் இரண்டு எஃப்பிஐ அதிகாரிகள் இறந்த சண்டையில், எதிராளியின் மேல் பாய்ந்த ஒரு 9 எம்எம் குண்டு இதயத்தை எட்டாமலே நின்றது. அதற்குப் பிறகுதான், உடம்புக்குப் பதிலாகச் சுட்டுச் சோதிக்கும் ஜெலட்டினில் 12 முதல் 18 அங்குலம் ஊடுருவ வேண்டும் என்ற அளவுகோல் வந்தது, பெரிய தோட்டாக்களுக்குப் போனார்கள். பின்னர் குண்டுகள் மேம்பட்டதும் அதே எஃப்பிஐ 9 எம்எம்முக்கே திரும்பியது. குறைந்த உதை, கூடுதல் தோட்டா, அதிகாரிகள் கூடுதல் துல்லியமாகச் சுடுகிறார்கள் என்பதெல்லாம் அவர்கள் சொன்ன காரணங்கள். நமக்கும் அதுவே போதும். பிளஸ் பி அதிக அழுத்தம் கொண்டது. குட்டித் துப்பாக்கியில் அதைப் போட்டு ஒரு புதியவர் கையில் கொடுப்பது கொடுமை.

ஹாலோ பாயின்ட் சுவரைத் துளைக்காது என்று நம்பிக்கொண்டிருக்காதீர்கள். இங்கே வீட்டுச் சுவர் வெறும் ஜிப்சம் பலகை. பள்ளத்தில் ஜிப்சம் அடைத்துக்கொண்டால் குண்டு விரியாமலே அடுத்த அறைக்குப் போகும். பிள்ளைகள் எந்தச் சுவருக்குப் பின்னால் படுக்கிறார்கள் என்பதைத் துப்பாக்கி வாங்கும் முன்பே யோசியுங்கள்.

டப்பாவில் என்ன எழுதியிருக்கிறதோ அதுவே குழாயிலும் எழுதியிருக்க வேண்டும். .380க்கு "9 எம்எம் கர்ட்ஸ்" என்றும் பெயர் உண்டு, அது நீங்கள் வாங்க வேண்டிய 9 எம்எம் லூகர் அல்ல. .357 ரிவால்வரில் .38 ஸ்பெஷல் போடலாம், மாற்றிப் போடக் கூடாது. யாரோ வீட்டில் அடைத்து ஜிப்லாக் பையில் விற்கும் தோட்டாவை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். சுடும்போது "டப்" என்று சோர்ந்த சத்தம் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். குண்டு குழாய்க்குள் சிக்கியிருக்கலாம், அடுத்ததைச் சுட்டால் குழாய் வெடிக்கலாம். தினமும் இரவில் ஏற்றி காலையில் இறக்குகிறவர்கள் அதே தோட்டாவையே திரும்பத் திரும்ப அறைக்குள் தள்ளாதீர்கள். குண்டு கூட்டுக்குள் பின்வாங்கி அழுத்தம் ஏறும். ரேஞ்சிலிருந்து வந்ததும் சாப்பிடும் முன் கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள், அது ஈயம். செருப்பை வாசலில் விடும் பழக்கம் நமக்கு ஏற்கெனவே இருக்கிறது, நல்லது.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு கேள்வி: வாங்க உங்களுக்கு உரிமை இருக்கிறதா? எச்-1பி, எச்-4, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாக அனுமதிப்பதில்லை. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் அந்தத் தடையில் அடக்கம். கிரீன் கார்டு இருந்தால் இந்தத் தடை இல்லை. "நண்பர் சிட்டிசன், அவர் பேர்ல வாங்கிக்கிறேன்" என்று சாதாரணமாகச் சொல்கிறார்கள். படிவத்தில் உண்மையில் வாங்குகிறவர் யார் என்று கேட்கும் இடத்தில் அந்த நண்பர் பொய் சொல்ல வேண்டும். இப்படித் தடையுள்ள ஒருவருக்காகத் தெரிந்தே வாங்கினால் 2022 சட்டப்படி 15 ஆண்டு வரை சிறை. உங்களுக்கு கிரீன் கார்டு, மனைவி இன்னும் எச்-1பி என்றால் "மனைவிக்காக வாங்கினேன்" என்ற வாக்கியமே சிக்கல். வக்கீலிடம் கேட்டுவிட்டு வாருங்கள், என்னிடம் அல்ல.

வைக்கும் இடம் பெட்டகம்தான். அலமாரியில் புடவைகளுக்கு அடியில் ஒளித்தால் பிள்ளைக்குத் தெரியாது என்று நினைக்கிறீர்கள். தீபாவளிக்கு வாங்கிய துணி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் பிள்ளை இதையா கண்டுபிடிக்காது? டெக்சாஸில் அஜாக்கிரதையால் 17 வயதுக்குக் கீழ் உள்ளவர் கைக்குத் தோட்டா ஏற்றிய துப்பாக்கி எட்டினால் அது உங்கள் மேல் குற்ற வழக்கு.

கடைசியாக ஒரு கெஞ்சல். ரேஞ்சுக்குக் கொண்டுபோகும் பையை ஊருக்குப் போகும்போது எடுக்காதீர்கள். பக்கவாட்டு ஜிப்புக்குள் தங்கிப்போன ஒற்றைத் தோட்டா இங்கே கண்ணில் படாமல் போய், திரும்பும்போது சென்னையிலோ டெல்லியிலோ ஸ்கேனரில் தெரிந்தால் அங்கேயே ஆயுதச் சட்டம் 25ஆம் பிரிவில் வழக்கு வரும். தெரிந்தே வைத்திருந்தால்தான் குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 1972லேயே சொல்லியிருக்கிறது, அதைக் காட்டிப் பல வழக்குகள் ரத்தும் ஆகியிருக்கின்றன. ஆனால் அதற்குள் விமானம் போயிருக்கும், விடுப்பு முடிந்திருக்கும், வேலைக்கு என்ன பதில் சொல்வது என்று நீங்கள் கோர்ட்டு வாசலில் நிற்பீர்கள். துப்பாக்கி வாங்கும் அன்றே ரேஞ்சுக்கென்று தனியாக ஒரு பை வாங்கி, அதன் மேல் பெரிதாக எழுதி வையுங்கள். பழைய பையை ஏற்கெனவே ரேஞ்சுக்குக் கொண்டுபோயிருந்தால் இன்றைக்கே கவிழ்த்து உதறி, ஒவ்வொரு ஜிப்பிலும் டார்ச் அடித்துப் பாருங்கள்.