ஆன்டெனாவின் கண்ணுக்குத் தெரியாத பாதி

பழைய காரில் டிஜிட்டல் ரேடியோவைப் பொருத்துபவர்கள் பலரும் முதலில் செய்வது, காரில் ஏற்கெனவே நிற்கும் எஃப்.எம். கம்பியை அதோடு இணைத்துப் பார்ப்பதுதான். நிலையங்களின் பட்டியல் காலியாக வரும். அல்லது ஊருக்குள் கேட்டது ஊரைத் தாண்டியதும் அறுந்துபோகும். ரேடியோவில்தான் கோளாறு என்று தோன்றும். உண்மையில் கம்பியின் நீளம் பொருந்தவில்லை.

எஃப்.எம். ஒலிபரப்பு பல நாடுகளில் 87.5 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை நடக்கிறது. அதன் அலைநீளம் ஏறக்குறைய 3 மீட்டர். அதில் கால் பங்கு 75 செ.மீ. பழைய கார்களின் நெடிய கம்பி இந்த அளவை ஒட்டியே இருக்கும். கம்பியின் நுனிக்கு அப்பால் மின்னோட்டம் போக வழியில்லை என்பதால் அங்கே அது பூஜ்யம். நுனியிலிருந்து கால் அலைநீளம் இறங்கி வந்தால் அது உச்சத்தில் இருக்கும். கேபிள் சேரும் அடிப்பகுதி அந்த இடத்திலேயே அமைவதால், கம்பி பிடித்த ஆற்றல் எளிதாக உள்ளே இறங்குகிறது.

டிஏபி என்னும் டிஜிட்டல் ஒலிபரப்போ 174 முதல் 240 மெகாஹெர்ட்ஸ் வரை. 220 மெகாஹெர்ட்ஸில் கால் அலைநீளம் 34 செ.மீ.தான். அந்த அலைக்கு 75 செ.மீ. கம்பி, அரை அலைநீளத்தைச் சற்றுத் தாண்டிய நீளம். அங்கே அடிப்பகுதியில் மின்னோட்டம் மறுபடி பூஜ்யத்தை நெருங்கிவிடும், மின்மறுப்பு, அதாவது மாறும் மின்னோட்டத்துக்கான தடை, வெகுவாக ஏறிவிடும். அலை கம்பியில் சிக்கத்தான் செய்கிறது. கேபிளுக்குள் போகத்தான் வாசல் அடைபட்டிருக்கிறது. இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. ஓர் அலைக்குக் கச்சிதமாக அமைந்த நீளமே இன்னோர் அலைக்கு ஏறக்குறைய மிக மோசமான நீளமாகிவிடுகிறது.

ஆகவே தனி ஆன்டெனா வேண்டும். கூரையில் துளையிட மனமில்லாதவர்கள் முன்கண்ணாடியின் உட்புறம் ஒட்டும் மெல்லிய பட்டையை வாங்குகிறார்கள். அதோடு ஒரு சிறிய உலோகத் தகடும் வரும். அதை ஏதோ பிடிமானத்துக்கு என்று நினைத்து, கண்ணாடி ஓரத்துத் தூணை மூடியிருக்கும் பிளாஸ்டிக் உறையின் மேலேயே ஒட்டிவிடுகிறார்கள். அங்கேதான் வேலை கெடுகிறது.

கால் அலைநீளக் கம்பி தனியாக முழு ஆன்டெனா ஆகாது. அதில் மேலும் கீழும் மின்னோட்டம் ஓட, எதிர்த்திசையில் ஈடுகொடுக்க இன்னொரு உலோகம் வேண்டும். காரின் உடல்தான் அந்த மறுபாதி. தகடு உறைக்கு அடியில், தூணின் இரும்பில் படிய வேண்டும். பெயின்ட் மெல்லியதாக இருந்தால் கவலை வேண்டாம்: இத்தனை உயர் அதிர்வெண்ணில் தகடும் இரும்பும் நடுவில் பெயின்டுமாக ஒரு மின்தேக்கி உருவாகி, மின்னோட்டத்தைக் கடத்திவிடும். ஆனால் திருகு வைத்து காரின் உடலோடு நேரடி இணைப்பு (பாடி எர்த்) எடுக்கும் வகை என்றால், பெயின்டைச் சுரண்டி வெறும் இரும்பைத் தொட்டாக வேண்டும். தூணுக்குள் ஏர்பேக் இருந்தால் அதன் முன்னால் கேபிள் குறுக்கே போகவே கூடாது.

டிஏபி அலைகள் பெரும்பாலும் செங்குத்தாக அதிர்வதால் பட்டையும் செங்குத்தாக நிற்பது நல்லது. தூணிலிருந்து சில செ.மீ. விலகியும் இருக்கட்டும். பழைய காருக்கு இதில் ஒரு சௌகரியம் உண்டு. வெப்பத்தைத் தடுக்கும் உலோகப் பூச்சுள்ள புதிய கண்ணாடிகள் ரேடியோ அலையையும் தடுத்துவிடும். பழைய வெறும் கண்ணாடி தடுக்காது.

நிரந்தரமாக ஒட்டுவதற்கு முன் தற்காலிகமாகப் பொருத்தி, சிக்னல் பலவீனமான இடம்வரை ஓட்டிப் பாருங்கள். எஃப்.எம். என்றால் இரைச்சல் கூடிக்கூடி முன்னறிவிக்கும். டிஏபி, பிழைகளைத் திருத்த முடிந்தவரை தெளிவாகப் பேசும். அதைத் தாண்டினால் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் குமிழியிட்டு நின்றுவிடும். ஆகவே வீட்டு வாசலில் தெளிவாகக் கேட்பதை வைத்து எதுவும் முடிவுசெய்ய முடியாது.

பட்டையோடு ஆம்ப்ளிஃபயர் இருந்தால் அதற்கு மின்சாரம் வேண்டும். பல ரேடியோக்கள் அதை கேபிள் வழியே தருகின்றன, சிலவற்றில் மெனுவில் இயக்க வேண்டும். மின்சாரம் கிடைக்காத ஆம்ப்ளிஃபயர் சிக்னலைத் தடுத்துவிடும். கிடைத்தாலும் அது இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும். மலிவான யுஎஸ்பி சார்ஜரும் டாஷ்கேமும் இந்த அலைவரிசையிலேயே இரைச்சலைக் கொட்டக்கூடியவை. அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்துவிட்டு, அதன்பிறகு ஆன்டெனாவைச் சந்தேகியுங்கள்.