பேக்கேஜை நீக்கிவிட்டோம் என்கிறீர்கள், கான்ஃபிக் கோப்பை?

அண்மையில் என்னிடம் வந்த ஓர் உபுண்டு லினக்ஸ் சர்வரில், கோப்புகளைப் பரிமாறும் எஃப்டிபி சேவையான விஎஸ்எஃப்டிபிடியின் பேக்கேஜ் (நிறுவத்தக்க நிரல் தொகுப்பு) எப்போதோ நீக்கப்பட்டுவிட்டதாக உறுதியாகச் சொன்னார்கள். நீக்கியது உண்மைதான். ஆனால் புதிதாகப் பொறுப்பேற்ற நிர்வாகி வேறொரு தேவைக்காக அதையே மீண்டும் நிறுவியதும், முன்பு யாரோ அதன் கான்ஃபிக் கோப்பில், அதாவது அமைப்புகளை எழுதிவைக்கும் கோப்பில், ‘யெஸ்’ என்று மாற்றிவைத்திருந்த அனானிமஸ் அனுமதியோடு (தனிக் கணக்கு இல்லாமலே யாரும் நுழையலாம்) எஃப்டிபிக்கான 21ஆம் போர்ட் என்ற இணைப்பு வாசல் திறந்துகொண்டது. இதே கதையை வெவ்வேறு சேவைகளின் பெயரில் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டதால்தான் இதை எழுதுகிறேன்.

பேக்கேஜ்களை நிறுவவும் நீக்கவும் பயன்படும் ஆப்ட் கட்டளையில் ரிமூவ் என்பது நிரலை மட்டுமே எடுக்கும். இடிசி அடைவில் உள்ள கான்ஃபிக் கோப்புகளை வேண்டுமென்றே விட்டுவைக்கும். அவற்றையும் அகற்றுவது பர்ஜ். ஆப்ட்டுக்கு அடியில் வேலை செய்யும் டிபிகேஜி என்ற கருவியின் பட்டியலில் ஒரு பேக்கேஜின் முன் ‘ஆர்சி’ என்ற இரண்டு எழுத்துகள் இருந்தால், நிரல் போய்விட்டது, கான்ஃபிக் மிச்சமிருக்கிறது என்று பொருள். ‘திரும்ப நிறுவும்போது எந்தக் கோப்பு வேண்டும் என்று கேட்குமே’ என்பார்கள். நீங்களும் கோப்பை மாற்றி, பேக்கேஜைத் தயாரித்தவரும் தம்முடைய கோப்பை மாற்றியிருந்தால்தான் டிபிகேஜி கேட்கும். அவர் தரப்பில் மாற்றம் இல்லையெனில், உங்கள் பழைய கோப்பையே வாய் திறக்காமல் எடுத்துக்கொள்ளும்.

அதைவிட எரிச்சலூட்டுவது, கோப்பைக் கையால் அழித்துவிட்டு மறுபடி நிறுவும் பழக்கம். நீங்கள் அழித்ததையும் நிர்வாகியின் முடிவாகவே டிபிகேஜி மதிப்பதால், எத்தனை முறை ரீஇன்ஸ்டால் செய்தாலும் அந்தக் கோப்பு திரும்பி வராது. சேவை எழும்பவில்லை என்று நள்ளிரவில் தொலைபேசியில் அழைப்பதும் வீண். பர்ஜ் செய்து புதிதாக நிறுவுங்கள், அல்லது ஃபோர்ஸ் கான்ஃப்மிஸ் என்ற தெரிவைக் கொடுங்கள். (மற்ற நெட்வொர்க் சேவைகளைத் தேவைப்படும்போது எழுப்பும் பழைய நிரலான ஐனெட்டியை நம்பி இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய சர்வர்களில் ஐனெட்டியின் கான்ஃபிக் கோப்பையும் திறந்து பார்த்துவிடுங்கள், நீக்கிய சேவையின் வரி ‘ஆஃப்’ என்ற குறியோடு அங்கேயே கிடக்கக்கூடும்.)

உபுண்டுவும் அடங்கிய டெபியன் லினக்ஸ் குடும்பத்தில் நெட்வொர்க் சேவை ஒன்றை நிறுவினாலே அது பெரும்பாலும் ஓடத் தொடங்கிவிடும் என்பதை மறவாதீர்கள். ரெட் ஹேட் லினக்ஸ் பக்கமிருந்து வருபவர்கள் தடுமாறும் இடம் இது. ஆகவே நிறுவும் முன்பே அந்தச் சேவையை, சேவைகளைக் கட்டுப்படுத்தும் சிஸ்டம்சிடிஎல் கட்டளை கொண்டு மாஸ்க் செய்துவிட்டு (தொடங்கவே முடியாதபடி தடுத்துவிட்டு), கான்ஃபிக்கைச் சரிபார்த்த பிறகு விடுவியுங்கள். நிறுவும்போது சேவையைத் தொடங்கலாமா என்று தீர்மானிக்கும் பாலிசி ஆர்சிடி என்ற ஸ்கிரிப்டை, ‘அனுமதியில்லை’ என்று பொருள்படும் 101 என்ற வெளியேற்ற எண்ணோடு வைத்துத் தடுப்பவர்கள், வேலை முடிந்ததும் தயவுசெய்து அதை எடுத்துவிடுங்கள். இல்லையேல் பாதுகாப்புப் புதுப்பிப்புக்குப் பிறகும் சேவை மறுதொடக்கமாகாமல், ஓட்டையுள்ள பழைய நிரலே நினைவகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்.

நிறுவினாலும் நீக்கினாலும் எஸ்எஸ் கட்டளையால் எந்தெந்தப் போர்ட்கள் திறந்திருக்கின்றன என்று ஒருமுறை பாருங்கள். பர்ஜ் செய்வதற்கு முன் இடிசி அடைவைப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். போன கோப்பை ஆப்ட் திருப்பித் தராது.